சாவி யாரிடம், உண்டியல் யாரிடம்? ஏ.ஏ. குழுச் சேவை பற்றி வாசகர் கேள்விகள்

குடிநோயிலிருந்து மீள்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ., அதாவது 'பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்') கூட்டங்களைப் பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. 'எப்படிக் குடியை நிறுத்துவது' என்று கேட்டவர்களைவிட, 'குழுவை எப்படி நடத்துவது' என்று கேட்டவர்களே அதிகம். அதனால் இந்த இதழ் முழுக்க நிர்வாகக் கேள்விகள்தான். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குடியை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. குழுவில் எல்லோரும் 'சேவை செய்யுங்கள், சேவை செய்யுங்கள்' என்கிறார்கள். எனக்கு மேடையில் பேச வராது, கணக்கும் வராது. நான் என்ன செய்ய முடியும்? (திருச்சி)

டீ போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கூட்டம் 7 மணிக்கு என்றால் 6.20க்கு வந்து நாற்காலி போடுவதும், டீ தயார் செய்வதும், வாசலில் நின்று புதிதாக வருகிறவரை உள்ளே அழைப்பதும்தான் குழுவைத் தாங்கி நிற்கிற வேலைகள். இதற்கு நிதானத்தில், அதாவது குடிக்காமல், இத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும் என்று குழுக்கள் பொதுவாகக் கேட்பதில்லை. முதல் நாளே செய்யலாம். செகரெட்டரி, பொருளாளர் பொறுப்புகளுக்குத்தான் பல குழுக்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று வைத்துக்கொள்கின்றன.

20 பேருக்கு ஆளுக்கு 100 மில்லி என்று வைத்தால் 2 லிட்டர் டீ. ஒரு லிட்டர் பால், ஒரு லிட்டர் தண்ணீர், 40 கிராம் தூள். கொதித்து வற்றும் என்பதால் தண்ணீர் ஒரு டம்ளர் கூடவே வையுங்கள். சர்க்கரையைப் பாத்திரத்தில் கொட்டிக் கலக்காதீர்கள். கணையம் கெட்டு சர்க்கரை நோய் வந்தவர்கள் எந்தக் குழுவிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். தனியாக வைத்து ஸ்பூன் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. புதிதாக வருகிறவருக்கு டம்ளரில் பாதிதான் ஊற்றுங்கள். கை நடுங்கும். தளும்பத் தளும்பக் கொடுத்தால் சட்டையில் கொட்டிக்கொள்வார், எல்லோரும் பார்ப்பார்கள், அடுத்த வாரம் வரமாட்டார். நடுக்கம் கடுமையாக இருந்து, வியர்த்து, இல்லாத ஒன்றைப் பார்த்துப் பேசினால் அது டீயில் தீருகிற விஷயமில்லை. குடியை நிறுத்திய முதல் சில நாளில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு பேர் துணைக்குப் போய் உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். குழு வைத்தியம் பார்க்கிற இடமில்லை.

என்னைப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள். ஒரு பழைய நோட்டும், பிஸ்கட் டப்பாவில் கொஞ்சம் பணமும்தான் கைக்கு வந்தது. எங்கிருந்து தொடங்குவது? (மதுரை)

டப்பாவிலிருந்துதான். முன்னாள் பொருளாளரும் நீங்களும் மூன்றாவதாக ஒருவரும் உட்கார்ந்து எண்ணி, தொகையை எழுத்தாலும் எண்ணாலும் நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பழைய கணக்கு ஒத்து வரவில்லை என்றால் தோண்ட வேண்டாம். 'இன்றைய கையிருப்பு இவ்வளவு' என்று புதுப் பக்கத்தில் தொடங்குங்கள். ஏற்றுக்கொண்ட நாளுக்கு முந்தைய குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பாளி ஆகிவிடக் கூடாது.

நோட்டில் ஆறு பத்தி போதும்: தேதி, வந்தவர் எண்ணிக்கை, வசூல், செலவு, மீதி, கையெழுத்து. தலை எண்ணிக்கை எதற்கு என்று கேட்பார்கள். 15 பேர் வரும் கூட்டத்தில் வழக்கமாக 300 ரூபாய் விழும்போது, ஒரு மாதம் முழுக்க 120, 130 என்று விழுந்தால் ஏதோ சரியில்லை என்று நோட்டே சொல்லிவிடும். வசூலை எப்போதும் இரண்டு பேர், கூட்டம் நடந்த அறையிலேயே எண்ண வேண்டும். வீட்டுக்குப் போய் எண்ணுவது வேண்டாம். உங்கள் நேர்மையைச் சந்தேகித்து இப்படிச் சொல்லவில்லை. நாளைக்கு ஒருவர் சந்தேகப்பட்டால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த இரண்டாவது கையெழுத்துதான்.

ஒரு உதாரணக் கணக்கு. மாத வசூல் 2,400. வாடகை 800, டீ 700, குடிக்காமல் இருந்த காலத்துக்குத் தருகிற மெடல், புத்தகம், மெழுகுவத்தி எல்லாம் சேர்த்து 200. ஆக 1,700 போக 700 மீதி. இந்த 700ஐ டப்பாவிலேயே சேர்த்துக்கொண்டே போவதுதான் பெரும்பாலான குழுக்கள் செய்கிற தப்பு. அவசரத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். அது எவ்வளவு என்று குழு முடிவு செய்யட்டும். இரண்டு மாதச் செலவு, அதாவது 3,400 ரூபாய், சிறிய குழுவுக்குத் தாராளம். அது நிரம்பிய பிறகு வருகிற மீதி, குழுவைத் தாண்டிய சேவைக்குப் போக வேண்டும். அமெரிக்க ஏ.ஏ. கையேடுகளில் மாதிரியாகக் காட்டுகிற பங்கீடு ஒன்று உண்டு: இன்டர்குரூப்புக்கு (பக்கத்துக் குழுக்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகம்) 50 சதவீதம், பொதுச் சேவை அலுவலகத்துக்கு 30, ஏ.ஏ.வின் மாவட்ட அமைப்புக்கும் வட்டார அமைப்புக்கும் தலா 10. அதன்படி 700ல் 350, 210, 70, 70. இது சட்டமில்லை. உங்கள் பகுதியில் எந்த அடுக்குகள் இயங்குகின்றனவோ அதற்கேற்ப குழுவே மாற்றிக்கொள்ளலாம்.

பணம் குறைந்து குழு உடைவது அரிது. கூடிப்போய் உடைவதுதான் அதிகம். டப்பாவில் 400 ரூபாய் இருக்கும்போது யாரும் சண்டை போடுவதில்லை. 40,000 சேர்ந்ததும் ஸ்பீக்கர் வாங்கலாமா, டூர் போகலாமா, சொந்த இடம் பார்க்கலாமா என்று மூன்று கட்சி முளைத்துவிடும். ஏ.ஏ. ஆரம்ப நாளிலேயே இதைப் பார்த்துவிட்டது. 1938ல் ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் டபிள்யூ.வும் நண்பர்களும் பெரிய தொகையை எதிர்பார்த்துக் கோடீஸ்வரர் ராக்பெல்லரிடம் போனார்கள். அவர் 5,000 டாலரை மட்டும் ஒரு தேவாலயக் கணக்கில் போட்டுவிட்டு, பணம் இதைக் கெடுத்துவிடும் என்று கையைக் கட்டிக்கொண்டார். பத்து வருடம் கழித்து, 1948ல், ஒருவர் உயிலில் எழுதி வைத்த 10,000 டாலரை ஏ.ஏ. அறக்கட்டளையே வேண்டாம் என்று திருப்பியது. வெளியார் பணம் வாங்குவதில்லை, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வது என்ற ஏழாவது மரபு (குழுக்கள் நடக்கும் விதத்துக்கு ஏ.ஏ. வைத்திருக்கும் பன்னிரண்டு மரபுகளில் ஒன்று) இப்படித்தான் இறுகியது.

புத்தகக் காசைத் தனி டப்பாவில் வையுங்கள். புத்தகம் விற்ற பணம் வசூலோடு கலந்துவிட்டால், அடுத்த முறை ஆர்டர் போடும்போது கையில் முதல் இருக்காது. 'புத்தகம் ஸ்டாக் இல்லை' என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் குழுக்களில் பெரும்பாலும் இதுதான் கதை.

கைமாத்து? குழுப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கூடாது. ஒரு உறுப்பினர் இன்னொருவருக்குத் தன் சொந்தப் பையிலிருந்து கொடுத்தால் அது அவர்கள் இருவர் விஷயம்.

இப்போது யாரும் சில்லறை கொண்டு வருவதில்லை. என் ஜிபே கியூஆர் கோடை உண்டியலில் ஒட்டிவிட்டேன். வசூல் இரட்டிப்பாகிவிட்டது. சில பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். (சென்னை, வேளச்சேரி)

பெரியவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. யுபிஐயில் பணம் போட்டால் போட்டவருடைய வங்கிப் பெயர் உங்கள் போனில் தெரியும். உங்கள் முழுப்பெயர் அவருக்குத் தெரியும், அவருடைய பாஸ்புக்கிலும் வாரா வாரம் பதிவாகும். 'முருகன்' என்று மட்டும் தெரிந்தவர் தன் முழுப்பெயரைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். பலர் அதை யோசிக்காமலே ஸ்கேன் செய்வார்கள். இன்னொரு பக்கம், குழுப் பணம் உங்கள் சம்பளக் கணக்கில் கலக்கிறது. ஈ.எம்.ஐ. பிடித்தம் வந்தால் வங்கி எது யார் பணம் என்று பார்க்காது.

குழு பெரிதாக இருந்தால் தனிக் கணக்கு தொடங்கலாம். பதிவு செய்யாத சங்கங்களுக்கும் வங்கிகள் கணக்கு கொடுக்கின்றன. கணக்கு தொடங்குவது என்ற தீர்மானம், சங்கத்தின் பெயரில் பான் அல்லது படிவம் 60, இயக்கப்போகிறவர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதம், அவர்களுடைய அடையாளச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். கணக்கின் பெயரில் 'ஆல்கஹாலிக்ஸ்' என்ற சொல் வர வேண்டிய கட்டாயமில்லை. குழுவின் பெயர் மட்டும் போதும். இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வையுங்கள். சிறிய குழுவுக்கு இவ்வளவு தலைவலி தேவையில்லை. கேட்டு வருகிறவருக்குச் சில்லறை மாற்றிக்கொடுக்க ஒருவர் நூறு பத்து ரூபாய்த் தாள் வைத்திருந்தால் போதும்.

இப்போதைக்கு அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிடுங்கள்.

எங்கள் பொருளாளர் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். 6,000 ரூபாய் அவரிடம் இருக்கிறது. போலீசுக்குப் போகலாம் என்கிறார்கள் சிலர். (ஈரோடு)

இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. குடித்தால் பொறுப்பு போய்விடும், ஏனென்றால் பொறுப்புக்கு நிதானம் நிபந்தனை. உறுப்பினர் தகுதி போகாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதும் என்பது மூன்றாவது மரபு. ஆகவே அவரை விரட்டக் கூடாது. சாவி, நோட்டு, டப்பா மூன்றையும் வாங்க வேண்டும்.

போகிறவர்கள் இரண்டு பேராக இருக்கட்டும். ஒருவர் அவருடைய ஸ்பான்சர், அதாவது வழிகாட்டி, என்றால் நல்லது. காலையில் போங்கள், மாலையில் வேண்டாம். வீட்டு ஆட்கள் முன்னால் பணப்பேச்சு வேண்டாம். பணம் முழுக்கக் கிடைத்தால் எண்ணி எழுதி முடித்துவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் குழு மனசாட்சிக் கூட்டத்தில் (உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம்) தொகையை மட்டும் சொல்லி, திருப்பித் தர எவ்வளவு காலம் கொடுப்பது என்று முடிவெடுங்கள். மாதம் 500 என்று ஒப்புக்கொண்டு, நிதானத்துக்குத் திரும்பி, கட்டி முடித்தவர்கள் உண்டு. வராமலே போனவர்களும் உண்டு. போலீசுக்குப் போவதும் போகாததும் உங்கள் குழுவின் முடிவு. ஏ.ஏ. அதைத் தடுப்பதுமில்லை, தூண்டுவதுமில்லை.

ஆனால் ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மாதச் செலவு இரண்டாயிரம் தாண்டாத குழுவில் 6,000 ரூபாய் ஒருவர் வீட்டில் ஏன் இருந்தது? குடியை விட்டுச் சில மாதமே ஆனவர் கையில் அவ்வளவு ரொக்கத்தைக் கொடுத்து வைப்பது அவருக்கும் நல்லதில்லை.

எங்கள் செகரெட்டரி ஆறு வருடமாக அவரேதான். நல்ல மனிதர். 'வேறு யார் செய்வார்கள்?' என்கிறார். (கோவை)

இந்தக் கேள்வி மட்டும் ஐந்து ஊர்களிலிருந்து வந்திருக்கிறது!

ஆறு வருடமாக ஒருவரே செய்தால் வேறு யாருக்கும் செய்யத் தெரியாது. பிறகு 'வேறு யார் செய்வார்கள்' என்பது உண்மையாகிவிடும். 1935ல் ஏ.ஏ.வை டாக்டர் பாப்புடன் சேர்ந்து தொடங்கிய பில் டபிள்யூ., 1955ல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அமைப்பின் பொறுப்பை உறுப்பினர் பிரதிநிதிகளின் பொதுச் சேவை மாநாட்டிடம் ஒப்படைத்துவிட்டார். தொடங்கியவரே இருபது வருடத்தில் ஒப்படைத்தார் என்றால் ஒரு குழுச் செகரெட்டரி ஒப்படைக்க முடியாதா?

அவரை இறக்குவதாகப் பேச்சை ஆரம்பித்தால் புண்படுவார். நாலைந்து பேர் அவர் பக்கம் போய் நிற்பார்கள். காலக்கெடுவைப் பற்றி மட்டும் பேசுங்கள். 'எல்லாப் பொறுப்பும் ஒரு வருடம்' (அல்லது ஆறு மாதம்) என்று ஆள் பெயர் சொல்லாமல் தீர்மானம் வையுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு ஒரு துணைச் செகரெட்டரியை அவருடனே போடுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பது, மண்டபச் சாவி யாரிடம் வாங்குவது, மின்சாரம் போனால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. எதுவும் காகிதத்தில் இல்லை. அந்த மூன்று மாதத்தில் அதை ஒரு பக்கம் எழுதி வாங்கிவிட வேண்டும்.

ஒப்படைப்பு நாளில் என்னென்ன கை மாறுகிறது என்று பட்டியல் போட்டு வாங்குங்கள்: சாவிகள் (எத்தனை நகல் என்பது உட்பட), குழுவின் சிம் கார்டு, மின்னஞ்சல் கடவுச்சொல், பேனர், படிகளும் மரபுகளும் எழுதிய போர்டு, மெடல் டப்பா, வாட்ஸ்ஆப் அட்மின் உரிமை. கடைசி இரண்டும் எப்போதும் விட்டுப்போகும்.

ஜி.எஸ்.ஆர். (குழுவின் சார்பில் மேல் கூட்டத்துக்குப் போகிற பொதுச் சேவைப் பிரதிநிதி) பொறுப்பில் இருக்கிறேன். ஒரு விஷயத்தில் 'வேண்டாம் என்று ஓட்டு போடு' என்று குழு சொல்லி அனுப்பியது. அங்கே போய் விவாதம் கேட்ட பிறகு 'வேண்டும்' என்பதே சரி என்று தோன்றியது. என்ன செய்திருக்க வேண்டும்? (சேலம்)

ஜி.எஸ்.ஆர். குழுவின் தபால்காரர் இல்லை. சேவைக்கான பன்னிரண்டு கோட்பாடுகளில் மூன்றாவது இதைத்தான் சொல்கிறது. பொறுப்பில் இருப்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை வேண்டும் என்கிறது. குழு பேசியபோது அவர்கள் முன்னால் இல்லாத தகவல் மேல் கூட்டத்தில் வந்தால், நீங்கள் மனசாட்சிப்படி மாற்றி ஓட்டு போடலாம். திரும்பி வந்ததும் முதல் கூட்டத்திலேயே, கேட்கும் முன்பே, 'நீங்கள் சொன்னதற்கு மாறாக ஓட்டு போட்டேன், காரணம் இது' என்று சொல்ல வேண்டும். மறைத்தால்தான் தப்பு. குழுவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் வேறு ஒருவரை அனுப்பட்டும்.

ஆனால் தகவல் எதுவும் புதிதாக வரவில்லை, மேடையில் ஒருவர் உருக்கமாகப் பேசினார், மனம் மாறிவிட்டது என்றால், அது வேறு கதை. அப்போது குழு சொன்னதைப் போட்டுவிட்டு வருவதே நல்லது.

ஓட்டில் தோற்ற பக்கத்துக்கும் ஒரு உரிமை உண்டு. அது ஐந்தாவது கோட்பாடு. முடிவு அறிவித்த பிறகு, தோற்றவர்களில் ஒருவருக்கு மறுபடி பேச வாய்ப்பு கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு, ஜெயித்த பக்கம் ஓட்டு போட்ட ஒருவர் 'மறுபரிசீலனை செய்யலாம்' என்று முன்மொழிந்து, பெரும்பான்மை ஒப்புக்கொண்டால் விவாதம் மீண்டும் திறக்கும். நேரமாகிவிட்டது என்று இதை வெட்டிவிடும் தலைவர்கள் அதிகம். தோற்றவர்கள் டீக்கடையில் நின்று தொடங்குகிற புதுக் குழுக்களும் அதனால் அதிகம்.

பிரதிநிதி தேர்தலில் கடைசியில் தொப்பியில் சீட்டு போட்டு எடுத்தார்களே, அது என்ன முறை? படித்தவர்கள் கூடிய சபையில் குலுக்கலா? (நாகர்கோவில்)

ஏ.ஏ.வில் அதை மூன்றாவது மரபுரிமை முறை என்பார்கள். இரண்டாகப் பிரிந்த சபையில், சொற்ப ஓட்டில் ஒருவர் ஜெயித்து மற்றவரின் ஆட்கள் குமுறுவதைத் தவிர்க்க வந்தது. கணக்காகவே பார்க்கலாம்.

45 ஓட்டு, நான்கு வேட்பாளர் என்று வையுங்கள். ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 30 வேண்டும். முதல் சுற்றில் 18, 13, 9, 5. யாருமில்லை. இரண்டாம் சுற்றில் 20, 14, 8, 3. இப்போது ஐந்தில் ஒரு பங்குக்கு, அதாவது 9க்கு, குறைந்தவர்கள் தானாக விலகுவார்கள். 8 வாங்கியவரும் 3 வாங்கியவரும் போய்விட்டார்கள். எவ்வளவு குறைவாக வாங்கினாலும் முதல் இருவர் விலக வேண்டியதில்லை. மூன்றாம் சுற்றில் 25, 20. இந்தச் சுற்றுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு, 15க்கு, குறைந்தவர் விலக வேண்டும். இருவரும் தாண்டிவிட்டார்கள். நான்காம் சுற்றில் 27, 18. இன்னும் 30 வரவில்லை. 'ஐந்தாவது சுற்று போகலாமா?' என்று தலைவர் சபையைக் கேட்பார். வேண்டாம் என்றால் இரண்டு பெயரும் தொப்பிக்குள். முதலில் வருகிற சீட்டு ஜெயிக்கும். ஐந்தாவது போய் அதிலும் முடிவு வராவிட்டாலும் தொப்பிதான்.

எண்ணுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் அறையில் இருக்கிற ஓட்டுகள் மாறும், நடுவில் பஸ் பிடிக்க ஓடியவர்கள் உண்டு. எனவே மூன்றில் இரண்டு எவ்வளவு என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் கணக்கிட்டு, போர்டில் எழுதிவிட்டு முடிவை அறிவியுங்கள். குழு மட்டத்தில் டீ பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க இதையெல்லாம் செய்யாதீர்கள். கை தூக்கினால் போதும்.

போதை மீட்பு மையம் ஒன்று எங்களுக்கு இலவசமாக ஹால் கொடுக்கிறது. அதற்குப் பதிலாக, குழுவுக்கு மையத்தின் பெயரை வைக்கச் சொல்கிறார்கள். (திருநெல்வேலி)

பெயர் வைக்காதீர்கள். ஏ.ஏ.வின் பெயரை எந்த நிறுவனத்துக்கும் இரவல் கொடுப்பதில்லை என்பது ஆறாவது மரபு. நாளைக்கு அந்த மையத்தின் மீது ஒரு புகார் வந்தால், செய்தியில் உங்கள் குழுவும் வரும். அதைவிட, மையத்தில் கசப்பான அனுபவம் உள்ளவர் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். 'புதன் மாலைக் குழு', 'ரயிலடிக் குழு' மாதிரி நாளையோ இடத்தையோ வைத்தே பெயர் போதும்.

ஹாலுக்கு மாதம் 200 ரூபாயாவது கொடுத்து ரசீது வாங்குங்கள். அவர்கள் வாங்க மறுத்தால் மின்விசிறி வாங்கிக் கொடுங்கள், வெள்ளையடித்துக் கொடுங்கள். கணக்கில் எழுதி வைக்கத் தக்க ஏதாவது ஒன்று. மையத்தில் சம்பளத்துக்கு ஆலோசகராக இருக்கிற ஏ.ஏ. உறுப்பினர் உங்கள் குழுவில் இருந்தால் அது தப்பில்லை. அங்கே சம்பள வேலை, இங்கே சாதாரண உறுப்பினர். ஆனால் கூட்டம் முடிந்ததும் புதியவரை ஓரமாக அழைத்து அட்மிஷன் பேசினால், செகரெட்டரி தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். குடியை நிறுத்தியது என் சொந்த ஊர்க் குழுவில். அவர்களுக்கு ஒரு லட்சம் அனுப்பலாமா?

நீங்கள் இந்தியக் குடியுரிமை உள்ளவரா என்பதுதான் முதல் கேள்வி. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் சம்பாதித்ததை வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 'வெளிநாட்டு நன்கொடை' ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டீர்கள் என்றால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்கப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஊர்க் குழுவிடம் இரண்டும் இருக்காது.

சட்டம் அனுமதித்தாலும் அனுப்பாதீர்கள் என்றே சொல்வோம். மாதம் இரண்டாயிரம் செலவுள்ள குழுவுக்கு ஒரு லட்சம் என்பது நான்கு வருடச் செலவு. அதற்குப் பிறகு உண்டியலில் யாரும் பத்து ரூபாய் போடமாட்டார்கள். ஊருக்கு வரும்போது மற்றவர்களைப் போல உண்டியலில் போடுங்கள், இரண்டு கூட்டத்துக்கு நாற்காலி போடுங்கள். இப்போது நீங்கள் போகும் சிங்கப்பூர்க் குழுவுக்கும் வாடகை இருக்கும்.

வாட்ஸ்ஆப் குழு வைத்திருக்கிறோம். 140 பேர். தினமும் குட்மார்னிங் பூ, அரசியல், சாமி படம். (சென்னை, ஆவடி)

பூ சின்னப் பிரச்சினை. குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணையும் மற்ற 139 பேரும் பார்க்கலாம் என்பதுதான் பெரிய பிரச்சினை. பலரின் முகப்புப் படத்தில் பிள்ளைகளோடு நிற்கிறார்கள், அலுவலகச் சீருடையில் நிற்கிறார்கள். குழுவின் பெயரில் 'ஆல்கஹாலிக்ஸ்' என்று இருந்தால், வீட்டில் போனை எடுத்தவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை: பெயரை 'புதன் 7 மணி' என்று மாற்றுங்கள். அட்மின் மட்டுமே செய்தி போடும்படி அமைப்பை மாற்றுங்கள். கூட்ட இடம், நேரம், ரத்து, மரணச் செய்தி, இவ்வளவுதான் வர வேண்டும். அட்மின் இருவர், செகரெட்டரி மாறும்போது அவர்களும் மாற வேண்டும். புதியவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. 'சேர்த்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும்' என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்பவருக்குத் தனியாகச் செய்தி அனுப்ப ஒருவரை நியமியுங்கள். ஆண்டுவிழாப் படங்களை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். கேக் வெட்டுகிற கையை மட்டும் எடுத்தாலும் பின்னால் கண்ணாடியில் பத்து முகம் தெரியும்.

எங்கள் குழுவுக்கு ஒழுங்கு வேண்டும் என்று 24 விதிகள் எழுதி ஒட்டினோம். கூட்டம் குறைகிறது. (விழுப்புரம்)

அமெரிக்காவில் ஏ.ஏ.வின் ஆரம்ப காலத்தில் ஒரு ஊரில் 61 விதிகள் போட்டுப் பெரிய மையம் கட்டப் பார்த்தார்கள். எல்லாம் கவிழ்ந்த பிறகு, அதைத் தொடங்கியவரே 62வது விதியை எழுதி அனுப்பினார்: உன்னையே ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உங்களுக்கு இன்னும் 37 விதி இடமிருக்கிறது!

நேரம், மரியாதை, பாதுகாப்பு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பகிர்வு ஐந்து நிமிடம், நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது. 8.30க்கு முடிக்க வேண்டும், ஏனென்றால் கடைசி பஸ் இருக்கிறது. பெண் உறுப்பினர்களிடம் தவறாக நடந்தாலோ கை ஓங்கினாலோ வெளியே அனுப்ப வேண்டும், தேவைப்பட்டால் 100க்கு அழைக்க வேண்டும். அநாமதேயம் என்பது குற்றத்துக்கு மறைவிடம் இல்லை. மற்ற 21ஐக் கிழித்துவிடலாம். ஒவ்வொரு குழுவும் தன்னாட்சி பெற்றது, மற்றக் குழுக்களையோ ஏ.ஏ.வையோ பாதிக்காத வரை எப்படியும் நடத்திக்கொள்ளலாம்.

சமூகப்பணி படிக்கிறேன். கூட்டத்தைப் பார்க்க அனுமதி உண்டா? (திண்டுக்கல்)

திறந்த கூட்டங்களுக்கு வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். முன்கூட்டியே செகரெட்டரியிடம் பேசி, எது திறந்தது, என்றைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வகுப்பே திரண்டு வர வேண்டாம், மூன்று பேர் போதும். குறிப்பு எடுக்காதீர்கள், போனைப் பையில் வையுங்கள். உண்டியல் உங்கள் முன்னால் வந்தால் பக்கத்தவரிடம் தள்ளிவிடுங்கள், உறுப்பினர் அல்லாதவர் போட வேண்டியதில்லை. டீ மட்டும் குடிக்கலாம்.